786 என்றொரு ஃபோல்டர்

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது, எங்கள் கம்பெனியின் பழைய மெயில்களை எல்லாம் புது ஏற்பாட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவள் கீர்த்தனா. கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"மேடம், 786ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. பையர் லிஸ்ட்ல அப்படி யாரும் இல்ல. தூக்கிடட்டா?"

"வேணாம்மா. அத அப்படியே கொண்டு போ."

"உள்ள இன்னா இருக்கு?"

"என் பொண்ணு பாட்டில்ல பால் குடிச்ச கத இருக்கு."

அவள் சிரித்துவிட்டு, "அப்போ எழுதிக் குடுங்க மேடம். நீங்க போனப்புறம் கேட்டா நான் யார கேக்கறது?" என்றாள். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று பலமுறை யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எழுதிய முதல் பக்கத்தை இரண்டு தடவை கிழித்தும் போட்டேன். என் சுபாவம் அப்படி.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வேலூரில் பி.எஸ்ஸி. கணிதம், டைப்ரைட்டிங்கில் ஹையர், மெட்ராஸில் சித்தி வீட்டில் தங்கி ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ். எண்பதுகளின் பிற்பாதியில் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகி, ஷீபா பிறந்து, மூன்று மாத லீவு முடிந்து திரும்ப வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. வீடு பாகாயத்தில். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காட்பாடி, காட்பாடியிலிருந்து ரயிலில் ஆம்பூர். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் என் நாத்தனார், ரீட்டா அண்ணி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர்.

கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கென்று ஏசி போட்ட சின்ன அறை. அதிலிருந்து வயர் இழுத்து நாலு டெர்மினல்கள் வைத்திருந்தோம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. மெட்ராஸ் ஆபீஸிலும் அதேபோல் ஒரு மிஷின் இருந்தது. ஒரு நாளைக்குச் சில தடவை இரண்டும் டெலிபோன் லைனில் பேசிக்கொள்ளும். மோடம் கீச்சென்று கத்தி அடங்கியதும் மெட்ராஸிலிருந்து மெயில்கள் கட்டாக வந்து ஒரே பெட்டியில் விழும். எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் டெலக்ஸில் அனுப்புவதை எல்லாம் மெட்ராஸில் உட்கார்ந்து டைப் செய்து அனுப்புகிறவர் ஜாபர் பாய். நான் அவரைப் பார்த்ததில்லை. எங்கள் பெட்டியில் விழுந்த மெயில்களில் முக்கால்வாசி அவர் பெயரில்தான் வரும்.

அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, எந்த பையருடையது என்று பார்த்து, அவரவர் ஃபோல்டரில் சேமிப்பது என் வேலை. இத்தாலிக்காரர் ஷூவின் மேல்பாகமான அப்பர் கேட்டால் ஒன்று, ஜெர்மன்காரர் நிறம் சரியில்லை என்றால் இன்னொன்று, ஷிப்பிங், கெமிக்கல் ஸ்டோர், ஜெனரல் என்று தனித்தனியாக. கடைசிக் கட்டு நாலு மணியை ஒட்டித்தான் வரும். பிரித்து முடிக்கும்போது காட்பாடிப் பக்கம் போகும் நாலரை பாசஞ்சர் ஆம்பூரைத் தாண்டிப் போயிருக்கும். அடுத்த வண்டி ஆறேமுக்காலுக்கு.

ஷீபா பாட்டிலைத் தொடமாட்டாள். டம்ளர், ஸ்பூன், சங்கு, எதுவும் ஆகாது. அண்ணி வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள். காலையில் நான் கொடுத்துவிட்டு வருவதுதான்; அப்புறம் நான் வீடு திரும்பும்வரை ஒன்றுமில்லை. அண்ணி ஒன்றும் சொல்லமாட்டார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் தையல் மெஷினுக்குப் போய்விடுவார். அந்தப் பேசாமைதான் எனக்குத் தாங்காது. வேலையை விட்டுவிடலாமா என்று தினமும் ரயிலில் யோசிப்பேன். விட்டால் வீட்டு வாடகை எப்படி என்றும் யோசிப்பேன். காட்பாடி வந்துவிடும்.

ரயிலில் நான் கதவோரம்தான் நிற்பேன். எங்கள் ஆபீஸ் தோலுக்குச் சாயமேற்றும் ஷெட்டுக்கு மேல்மாடியில். ஈரத்தோல், எண்ணெய், சாயம் எல்லாம் கலந்த ஒரு வாடை சேலையில் ஏறிவிடும். உள்ளே போய் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர்கள் மூக்கைத் தொட்டுக்கொண்டு நகர்வார்கள். வீட்டுக்குப் போனதும், குழந்தை அழுதாலும், முதலில் குளித்துச் சேலையை வாளியில் ஊறவைத்துவிட்டுத்தான் அவளை எடுப்பேன். குழந்தைக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்.

எனக்கு மேலதிகாரி கோதண்டராமன் சார். ஜோலார்பேட்டைக்காரர். அவர் அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ரயில்வே. இவர் மட்டும் கம்ப்யூட்டர் படித்து இங்கே வந்துவிட்டாலும் பேச்சு ரயில்வேயிலிருந்து இறங்கவில்லை. ஷிப்பிங் கிளார்க் மணவாளன் அவருக்கு வைத்த பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். சாருக்கும் அது தெரியும். மிஷின் ரூமுக்குள் செருப்புப் போட்டு வரக்கூடாது. ஒருவர் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் கீபோர்டைத் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் தோளுக்குப் பின்னால் நிற்பார். தப்பாக டைப் செய்தால் சொல்லமாட்டார். தொண்டையைச் செருமுவார். என்டர் அடிப்பதற்கு முன் அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன். "லைன் கிளியர்" என்பார், வண்டிக்குப் பாதை விடுவதுபோல. அப்புறம்தான் அடிப்பேன். ஒரு வருஷம் கழித்துத்தான் அதைக் கேட்காமல் அடிக்கிற தைரியம் வந்தது. அன்று மணவாளன் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தான்.

நாலரை வண்டியைப் பற்றி நான் சாரிடம் கேட்டதில்லை. அவரே ஒருநாள் கேட்டார்.

"தெனமும் நாலரைக்கு ஒரு தடவ ஜன்னல பாக்கறீங்களேம்மா. யாரு வராங்க?"

சொன்னேன். சொல்லும்போதே ஏன் சொன்னோம் என்று இருந்தது.  அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் பாடம் நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"எங்க ஊர் ரயில்வே யார்ட பாத்திருக்கீங்களா? கூட்ஸ் வண்டி ஒண்ணு வரும். அம்பது வேகன், அம்பது ஊருக்கு. ஒவ்வொண்ணையும் தெறந்து பாத்தா பிரிக்கறாங்க? வேகன் மேல சீட்டு ஒட்டியிருக்கும். சீட்ட பாப்பாங்க, தண்டவாளத்துல பாயிண்ட மாத்துவாங்க, அது அது லைன்ல போய் நின்னுடும். நீங்க எதுக்கு ஒவ்வொரு மெயிலா தெறக்கறீங்க?"

"சீட்டு இல்லயே சார். எல்லாம் ஜாபர் பாய் பேர்லதான் வருது."

"முதல் வரிய சீட்டா வெச்சுக்குவோம். பையர் பேரு முதல் வரி. அதுக்கப்புறம்தான் விஷயம். நான் மெட்ராஸுக்கு எழுதறேன். மிஷினே பிரிக்கற மாதிரி நீங்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுங்க."

அந்த ஸ்கிரிப்டுக்கு நான் யார்டு என்றே பெயர் வைத்தேன். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். இருபது, முப்பது வரி இருக்கும். பெட்டியிலுள்ள மெயில்களை ஒவ்வொன்றாக எடு. தலைப்பு வரிகளைத் தாண்டு. முதல் வரியைப் படி. அந்தப் பெயரில் இருக்கும் ஃபோல்டரின் கடைசியில் இந்த மெயிலைச் சேர். பெட்டி காலியாகும்வரை செய். இவ்வளவுதான். இதற்கு எனக்கு நிறைய நாள் பிடித்தது. ஸ்டோர் மெயில் ஒன்று பாதியாக வெட்டுப்பட்டு இரண்டு ஃபோல்டரில் கிடந்தது. இன்னொரு நாள் எழுத்து பெரிதும் சின்னதுமாக வந்ததில் ஒரே பையருக்கு இரண்டு ஃபோல்டர்கள் உண்டாயின. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றும் வரி ஒன்று சேர்த்தேன்.

புது பையர் வந்தால்? ஆம்பூரில் மாதத்துக்கொரு புது பையர் வருவார். அவர் பெயரில் ஃபோல்டர் இல்லையென்றால் மெயில் எங்கே போகும்? இரண்டு நாள் அதே கவலை. கடைசியில், அப்படி ஃபோல்டர் இல்லாவிட்டால் ஸ்கிரிப்டே ஒன்று புதிதாக உண்டாக்கிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அந்த ஒரு வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இதற்கும் மேல், வந்த மெயில் எத்தனை, எல்லா ஃபோல்டரிலும் சேர்ந்தது எத்தனை என்று எண்ணிப் பார்த்து, கணக்கு சரியாக இருந்தால்தான் பெட்டியைத் துடைக்கும்படி எழுதினேன். அப்புறம் ஃபோல்டர்களின் பெயர்களை ஒருமுறை திரையில் ஓடவிடுவேன். சார் இதையெல்லாம் பின்னால் நின்று பார்த்தார்.

"ஒரு மாசம் ஓடட்டும். அதுவரைக்கும் நீங்க நாலரை வண்டிக்குப் போலாம். ஆனா ஒரு மெயில காணோம்னு யாராவது வந்துட்டா, பழையபடி கையாலதான் பிரிக்கணும். ஆறேமுக்கால்தான். சரியா?"

"சரி சார்."

முதல் நாள் நாலரை வண்டியில் ஏறியபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்தபின் அந்த வெளிச்சத்தில் பாலாற்றைப் பார்த்ததே இல்லை. ஆனந்தமாகப் பார்த்திருக்க வேண்டும். நானோ, பெட்டியைத் துடைத்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். கடைசிக் கட்டு நாலு மணிக்கு மேல் வந்தால் என்ன ஸ்கிரிப்ட் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் ஜாபர் பாய்க்கு நானே ஒரு மெயில் எழுதினேன். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். கடைசிக் கட்டைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்ப முடியுமா, ஐந்து மாதக் குழந்தை, நான் போகும்வரை பட்டினியாக இருக்கிறாள், பாட்டிலைத் தொடமாட்டேன் என்கிறாள் என்று எழுதிவிட்டேன். அனுப்பியதும் உடம்பெல்லாம் கூசியது. முகம் தெரியாத ஒரு ஆணிடம் குழந்தை பால் குடிக்காததைப் பற்றி எழுதலாமா? என்ன நினைப்பார்? மறுநாள் பதில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஆனால் கடைசிக் கட்டு தினமும் மூன்றரைக்கே வந்து விழுந்தது. சொன்னதைச் செய்கிறார், பதில் மட்டும் எழுதவில்லை. அப்படியென்றால் நான் எழுதியது பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? முன்பெல்லாம் ஆபீஸ் மெயில்களின் அடியில் ஸலாம் என்று ஒரு வார்த்தை போடுவார். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது.

இரண்டு வாரம் ஓடியிருக்கும். ஒருநாள் மூன்றரை மணிக்கு மேல் மணவாளன் வேகமாக உள்ளே வந்தான்.

"அக்கா, மெட்ராஸ் ஜாபர் பாய் வந்திருக்காரு. உங்களதான் கேக்கறாரு. மூஞ்சி செரியில்ல."

அந்த மெயிலுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்தேன். மணவாளன் வேறு, "எப்ப ஊருக்கு வந்தாலும் கீழ ஷிப்பிங்ல எங்களுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது கொண்டாருவாரு. இன்னிக்கு வெறுங்கை. இன்னா பேஜார்னு தெர்ல" என்றான்.

மிஷின் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றார். வெள்ளைச் சட்டை, தொப்பி, பாதி நரைத்த தாடி. நான் நினைத்ததைவிட வயதானவர். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சாரும் வந்துவிட்டார்.

"நீங்கதான் ஜெயசீலி அம்மாவா?"

"ஆமா பாய்."

"வேலைக்கு வந்துட்டீங்களா?"

சீக்கிரம் போவதைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்தேன். "தெனமும் வர்றேன் பாய். நாலரை வரைக்கும் இருக்கேன்" என்றேன்.

அவர் சார் பக்கம் திரும்பினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தம்மாவுக்குக் கொஞ்ச நாள் லீவு குடுத்திருக்கலாம். மனசு ஆற வேணாமா?"

"எதுக்கு லீவு?" என்றார் சார்.

"பாப்பா..." என்றார் ஜாபர் பாய்.  தாடியைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போய், "ஐயோ, பாப்பா வீட்ல இருக்கா பாய். நல்லாருக்கா. பல்லு மொளைக்குது. காலைல கூட எங்க நாத்தனார் விரல கடிச்சு வெச்சிட்டா" என்றேன்.

அவர் அப்படியே பிரின்டர் பேப்பர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கோபமாகவே கேட்டார்: "அத ஒரு வரி எழுதக்கூடாதா? நாலு மெயில் போட்டேனேம்மா! எங்க வீட்ல தெனமும் கேக்கறாங்க, அந்தக் கொழந்த குடிச்சுதா, குடிச்சுதான்னு. நான் இன்னா பதில் சொல்றது? ஆபீஸ் மெயிலுக்கெல்லாம் பதில் வருது, இதுக்கு மட்டும் வர்ல. அப்போ சொல்ல முடியாத விஷயம்தானேன்னு... எங்களுக்கு ஒண்ணு தவறிப்போச்சு, அஞ்சாம் மாசத்துல. அதான் நெனப்பு அங்கயே போகுது."

துக்கம் கேட்க வந்தவர் வெறுங்கையாக ஏன் வந்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது. மணவாளனுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவன் சத்தமில்லாமல் நகர்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நாலு மெயில். எனக்கு ஒன்றுகூட வரவில்லை. இரண்டு எண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன: இந்த மனிதரை இப்படித் தவிக்க விட்டோமே என்பது ஒன்று, நாலரை வண்டி போயிற்று என்பது இன்னொன்று. இரண்டாவது வந்ததற்காக வெட்கப்பட்டேன். ஆனாலும் வந்தது.

"உக்காருங்கம்மா," என்றார் சார். "மெட்ராஸ் விட்டுக் கிளம்பியிருக்கு. வழியில எங்கயும் நிக்க எடமில்ல. நம்ம யார்டுலதான் இருக்கணும். ஃபோல்டர் பேரெல்லாம் போடுங்க."

போட்டேன். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக மேல்நோக்கி ஓடி, கடைசிப் பெயரில் நின்றன. தினமும் நான் பார்ப்பதும் இதைத்தான். எண்ணிக்கையும் சரியாக இருந்தது, என்றும்போல. பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"மேல இன்னாவோ ஓடிப்போச்சே. நிறுத்தி நிறுத்திக் காட்டுங்க."

திரையில் இருபத்துநாலு வரிதான் நிற்கும். எங்களுக்கு அதைவிட ஜாஸ்தி ஃபோல்டர்கள் ஆகிவிட்டிருந்தன. அந்த மிஷின் எண்களை எழுத்துக்களுக்கு முன்னால் வரிசைப்படுத்தும். பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும்படி மறுபடி அடித்தேன். முதல் வரியில், எல்லா பையர்களுக்கும் மேலே, 786 என்று நின்றது.

ஜாபர் பாய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "நான் போட்டதுதான். ஆபீஸ் மெயில்னா சார் சொன்னபடி பையர் பேர்ல ஆரம்பிப்பேன். இது வீட்டு விஷயம். சும்மா எப்படி ஆரம்பிக்கறது?"

இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குவதற்கு அடையாளமாக அவர்கள் வீட்டுக் கடிதம் எல்லாவற்றுக்கும் தலையில் போடும் எண் அது. ஆம்பூரில் பாதிக் கடைகளின் போர்டிலும் லாரி நெற்றியிலும் பார்க்கிற எண்தான். என் ஸ்கிரிப்ட் அதைச் சீட்டு என்று படித்து, அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லாததால் புதிதாக ஒன்றை உண்டாக்கி, நாலு மெயிலையும் பத்திரமாக வைத்திருந்தது. ஒன்றும் தொலையவில்லை. திறப்பதற்குத்தான் ஆள் இல்லை.

மணவாளன் சும்மா இருக்கமாட்டாமல், "பாய், இனிமே 786 போடாம எழுதிடுங்க. வேல முடிஞ்சுது" என்றான்.

சார் திரும்பினார். "மணவாளா, நீ அணைக்கட்டுல உங்க வீட்டுக்கு லெட்டர் எழுதுனா மேல இன்னா போடுவ?"

"பிள்ளையார் சுழி சார்."

"போடாதன்னா?"

"கை ஓடாது சார்."

"அவருக்கு மட்டும் ஓடுமா? மிஷினுக்குத்தாம்ப்பா மரியாத சொல்லித் தரணும். நாளைக்கு அந்த வரிய தாண்டிப் போய்ப் படிக்கச் சொல்லலாம். இப்போ முதல்ல அந்த மெயில தெறங்கம்மா. ரெண்டு வாரமா ஸ்டேஷன்ல நிக்குது."

திறந்தேன். முதலாவது இப்படி இருந்தது:

"கடைசிக் கட்டு மூன்றரைக்கே அனுப்பிவிடுகிறேன். கவலை வேண்டாம். என் வீட்டில் ஒன்று எழுதச் சொன்னார்கள். நீங்கள் ஆபீஸுக்குக் கட்டிப் போகும் சேலையைத் துவைக்காமல் வையுங்கள். பால் கொடுப்பவர் அதைப் போர்த்திக்கொண்டு கொடுக்கட்டும். குழந்தைக்கு அம்மாவின் வாசனைதான் அடையாளம்."

இரண்டாவது: "சேலை போர்த்திப் பார்த்தீர்களா? குடித்தாளா?" மூன்றாவது: "வேலை அதிகம் போலிருக்கிறது. ஒரு வார்த்தை எழுதினால் போதும்." நாலாவதில் ஒரே வரி: "எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் அம்மா."

அதற்கு மேல் எழுத்து எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது அந்த வாடை மூக்கில் ஏறியது.

சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது. நானே சொல்லிவிடுவது மரியாதை என்று தோன்றியது. "சார், நாளையிலருந்து கையாலயே பிரிச்சுடறேன்."

"எதுக்கு?"

"மெயில் காணோம்னு யாராவது வந்தாங்கன்னா..."

"காணாமப் போகல. தப்பு லைன்ல நிக்குது. அது வேற, இது வேற." அவர் ஜாபர் பாயைப் பார்த்தபடியே பேசினார். "நான் யார்டு சொல்லிக் குடுத்தேனே தவிர, பெல் சொல்லிக் குடுக்கல. ஒரு ஸ்டேஷன்ல வண்டிய அனுப்புனா, அடுத்த ஸ்டேஷன்காரன் வந்து சேர்ந்துச்சுன்னு பெல் அடிக்கணும். அந்த பெல் கேக்கற வரைக்கும் அனுப்பினவனுக்கு நிம்மதி கெடையாது. எங்கப்பா சோத்துல கைய வெச்சுக்கிட்டு அந்த பெல்லுக்குக் காத்திருப்பாரு. ரெண்டு வாரமா இந்த மனுஷன் பெல்லுக்குக் காத்திருக்காரு. நாளைக்கு உங்க ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேருங்க. எந்த மெயில எந்த ஃபோல்டர்ல போட்டாலும், அனுப்பினவருக்கு 'வந்து சேர்ந்தது, இந்த ஃபோல்டர்ல இருக்கு'ன்னு உடனே ஒரு பதில் போகணும். இப்ப கிளம்புங்க. நாலரைய விட்டுடப்போறீங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் வேறு வழியில்லாமல், "லைன் கிளியர்ம்மா" என்றார். எழுந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் நான் வண்டியில் ஏறியபின் பிளாட்பாரத்தில் யாரோ வேகமாக வருவது தெரிந்தது. ஜாபர் பாய். கதவோரம் நின்ற என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். மக்கன் பேடா, சர்க்கரை ஜீரா வழிந்து காகிதம் நனைந்திருந்தது. "வீட்ல எல்லாருக்கும் குடுங்க. வெறுங்கையோட வந்துட்டேன்" என்றார். அவருடைய மெட்ராஸ் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது.

வீட்டில் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என் சேலைத் தலைப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இந்த நாத்தத்தையா நான் சுத்திக்கணும்?"

"ஒருநாள் பாக்கலாம் அண்ணி."

"ஒருநாள்தான். தைக்கக் குடுக்க வர்றவங்க ஓடிப்போய்டுவாங்க."

அன்று ராத்திரி சேலையைத் துவைக்காமல் கொடியில் போட்டேன். இது சரிதானா, சாயத்தில் என்னென்ன இருக்கிறதோ என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "நீ அதையே கட்டிக்கிட்டு நாள் முழுக்க இருக்கியே, உனக்கு இன்னா ஆச்சு?" என்றார். 

மறுநாள் பெல் வரியைச் சேர்த்தேன். பதிலுக்குப் பதில் போய், அதற்கொரு பதில் வந்து, இரண்டு மிஷின்களும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று முதலிலேயே பயந்ததால், பதில் என்று தெரிந்தால் பேசாமலிரு என்று ஒரு தடுப்பும் வைத்தேன். கவலைப்படுகிறவளுக்கு இப்படிச் சில லாபங்கள் உண்டு. முதல் வரி 786 ஆகவோ பிள்ளையார் சுழிக்குப் பதிலாக மணவாளன் அடிக்கும் யூ என்ற இங்கிலீஷ் எழுத்தாகவோ இருந்தால் தாண்டிப் போய் அடுத்த வரியைப் படிக்கும்படி எழுதினேன். அடுத்த வரியில் பையர் பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வது? அப்போது வீட்டு விஷயம்தானே என்று, அதை 786 ஃபோல்டரிலேயே வைக்கச் சொன்னேன். தினமும் நான் முதலில் திறப்பது அதுவாயிற்று. மெட்ராஸ் மிஷினுக்கும் ஸ்கிரிப்டை அனுப்பி வைத்தோம்.

சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். குழந்தையை நீட்ட அண்ணி வரவில்லை. பயந்துகொண்டே உள்ளே போனேன். தையல் மெஷின் மௌனமாக இருந்தது. அண்ணி என் முந்தின நாள் சேலையைத் தோளோடு சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஷீபா தூங்கிக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு அவள் கைக்குள். பக்கத்தில் பாட்டில், அடியில் ஒரு சொட்டு நிற்க, காலியாக இருந்தது.

"சத்தம் போடாத," என்றார் அண்ணி. "மொதல்ல என் மூஞ்சிய பாத்துச்சு. அப்புறம் சேலைய மோந்துச்சு. மறுபடி என் மூஞ்சிய பாத்துச்சு. 'நீ இன்னா இத கட்டியிருக்க'ன்ற மாதிரி. அப்புறம் குடிச்சிடுச்சு."

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு நாளும் அவர் பேசாமலிருந்தது என்மேல் உள்ள கோபத்தால் அல்ல என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்தக் குழந்தை அவரை ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அதை அவர் யாரிடம் சொல்வார்?

அடுத்த நாளும் குடித்தாள். அதற்கடுத்த நாளும். எனக்கு ஒரு புதுக் கவலை வந்துவிட்டது. குழந்தை பட்டினியாக இருக்கிறாள் என்றுதானே நாலரை வண்டி? இப்போது இல்லையே. இதைச் சாரிடம் சொல்லாமலிருப்பது நேர்மையா? சொன்னேன்.

சார் டெர்மினலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "கடைசிக் கட்டு மூணரைக்கு வருது. பிரிஞ்சிடுது. பெல் அடிக்குது. நீங்க ஆறேமுக்கால் வரைக்கும் இங்க உக்காந்து இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்போ வீட்டுக்குப் போங்க."

அன்று கிளம்புவதற்கு முன் ஜாபர் பாய்க்கு எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் என்ன போடுவது என்று கொஞ்சம் திகைத்தேன். நான் கிறிஸ்தவ வேதக்காரி, எங்கள் வீட்டுக் கடிதங்களின் தலையில் என் அம்மா 'ஸ்தோத்திரம்' என்று எழுதுவார். ஆனால் இது அவர் வீட்டுக்குப் போகிற விஷயம். அவர் திறக்கிற ஃபோல்டரில் போய் நிற்க வேண்டும். 786 என்று அடித்தேன். கீழே, "குடித்துவிட்டாள் பாய். உங்கள் வீட்டில் சொல்லுங்கள்" என்று அடித்தேன். பின்னால் சார் இல்லை. ஆனாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் என்டரை அழுத்தினேன்.

மோடம் கத்தி ஓய்ந்தது. நான் பையை எடுத்து, டிபன் பாக்ஸைத் தேடி, திரும்புவதற்குள் திரையில் ஒரு வரி வந்திருந்தது. மெட்ராஸ் மிஷின் அடித்த பெல். வந்து சேர்ந்தது, 786.

நாலரை வண்டியில் அன்று கூட்டம் கம்மி. வழக்கம்போல் கதவோரம் நின்றவள், எதையோ நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னலோரம் ஒரு இடம் இருந்தது. உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அம்மாள் மூக்கைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தார். நகரட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அண்ணிக்கு வேண்டிய சேலை அது. தலைப்பு காற்றில் அதிகம் பறக்காமல் மடித்து, மடியில் வைத்துக்கொண்டேன்.